ஒரு நிரைக்கு ஒரு புலவர்

போன மாதம் நம் பள்ளிக்கூடத்துப் பழையவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார், பார்த்திருப்பீர்கள். பேரன் இலக்கிய வினாவிடைப் போட்டிக்குப் போகிறானாம், படிப்பதற்குக் குறிப்புகள் எங்கே கிடைக்கும் என்று. அரை மணி நேரத்துக்குள் பதினேழு கோப்புகள் வந்து விழுந்தன. ஒன்று மட்டும் எண்ணூறு பக்கம். அனுப்பியவரே அதைத் திறந்து பார்த்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர் ஒன்றும் அனுப்பாமல் இருக்கிறாளே என்று ஒரு நண்பர் தனியாகச் செய்தி போட்டுக் குத்திக் காட்டினார். அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அது இப்படி நீண்டுவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசியுங்கள்.

நமக்குப் பதினைந்து வயது நடந்த வருடம். ஸ்பிரிங்வெளிப் பக்கம் நம் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் இரண்டு நீள அறைகளும் ஒரு தகரக் கூரையும்தான், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்தால் டீச்சர் பேசுவது கேட்காது. நமுனுகுலப் பக்கமிருந்து மேகம் இறங்கினால் கரும்பலகை தெரியாது. இரண்டும் சேர்ந்து வந்த நாள்களில் நாம் மிகவும் சந்தோஷமாக இருந்தோம். அப்படி ஒரு நாளில்தான் சுற்றறிக்கை வந்தது. பதுளை டவுனில் மாகாணப் பாடசாலைகளுக்கான தமிழ் இலக்கிய வினாவிடைப் போட்டி. ஒரு பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பேர். ஜெயிக்கிற இரண்டு பேரையும் டவுனில் உள்ள பெரிய பள்ளிக்கூடம் விடுதியில் சேர்த்துக்கொண்டு ஓ.எல். பரீட்சை வரைக்கும் படிக்க வைக்கும்.

கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று டீச்சர் என்னைப் பிடித்தார். இன்னொருத்தி என் தோழி. மூன்றாம் லயத்துக் கடைசிக் காம்பரா என்றால் உங்களில் பாதிப் பேருக்கு யாரென்று தெரிந்துவிடும். பெயர் போட வேண்டாம் என்று அவளே சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை காதில் விழுந்ததை அவள் மறந்ததே கிடையாது. என் மாமன் சீர் கொண்டுவந்த தட்டுகளில் எதில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வாள்.

எனக்கு அது ஒரு போட்டி. அவளுக்கு அப்படியல்ல. அவளுடைய அப்பாவுக்குத் தோட்டத்து வேலையில் பெயர் கிடையாது, டவுனில் மூட்டை தூக்குகிறவர். அம்மாவின் பெயரில்தான் தோட்டம் குடியிருக்கத் தந்த அந்தக் காம்பரா. அந்த அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்து, மலை ஏற முடியாமல் ஆகிக்கொண்டிருந்தது. வீட்டில் ஒருவருக்காவது தோட்டத்தில் பெயர் இல்லையென்றால் காம்பராவை விட வேண்டும், அதுதான் நம் சட்டம். என் வீட்டில் அம்மா, அப்பா இரண்டு பேருக்கும் பெயர் இருந்தது, அதனால் எனக்கு இந்தக் கவலை தெரியாது. போட்டிக்குப் போக அனுமதி கேட்க நாங்கள் போனபோது அவளுடைய அப்பா வாசல்படியில் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஜெயிச்சீங்கன்னா போகட்டும். அவ அம்மாவ மாத்திரையக் குடுத்து ரெண்டு வருஷம் எப்படியாச்சும் ஓட்டிக்கிறேன்" என்றார். "தோத்தா, பொங்கல் கழிஞ்சு கொழுந்தெடுக்கப் பெரட்டுக்குப் போகணும். பேர் பதிஞ்சிருவோம். என்ன புள்ள, சரிதானே?"

"சரிப்பா" என்றாள் அவள். அவர் கெட்ட மனுஷர் இல்லை. தன்னால் எவ்வளவு முடியுமோ அதைச் சரியாக அளந்து சொன்னார், அவ்வளவுதான்.

போட்டிக்கு இன்னும் மூன்று மாதம். படிக்க என்ன இருக்கிறது என்று தேடினோம். பள்ளிக்கூட அலுமாரியின் சாவி தொலைந்து எத்தனையோ வருடம். ஆசாரியை அழைத்து உடைத்துப் பார்த்தால், உள்ளே கறையான் எங்களுக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் படித்து முடித்திருந்தது. வேதக் கோயில் உபதேசியார் அன்போடு ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார், எல்லாம் பாட்டுப் புத்தகம். கடையில் பருப்புச் சுற்றித் தந்த தாளில் ஒரு நாள் பாதிச் செய்யுள் கிடைத்தது. மீதிப் பாதிக்காக நான் ஒரு கிழமை முழுக்கத் தேவையில்லாமல் பருப்பு வாங்கி அம்மாவிடம் திட்டு வாங்கினேன். டீச்சரிடம் கேட்டால், "டவுன் லைப்ரரிக்குப் போங்க" என்றார். அவர் தினமும் டவுனிலிருந்து வந்து போகிறவர். எங்களுக்கு அது பஸ்ஸில் ஒரு மணி நேரம் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

ஒரு சனிக்கிழமை போனோம். மலையிலிருந்து பதுளைக்கு இறங்கினால் முதலில் வெக்கை முகத்தில் அடிக்கும். ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வாசகசாலைக்குள் நுழைந்த எங்களை நூலகர் தலை நிமிர்ந்து பார்த்தார். கட்டை உருவம், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, சிரிக்கவே தெரியாத முகம். அங்கத்தவராகச் சேர ஒரு படிவம் தந்தார். விலாசம் என்ற இடத்தில் லயத்து இலக்கத்தை எழுதினேன். அவர் பேனாவால் அந்த இடத்தைத் தட்டினார்.

"இது வீட்டு விலாசம் இல்லையே. டவுன்ல வரி கட்டுற ஒருத்தர் பிணை நிக்கணும். அப்படி யாராவது இருக்காங்களா?"

எங்களுக்குத் தெரிந்தவர்கள் யாருக்கும் சொந்தமாக ஒரு செங்கல்கூடக் கிடையாது. வரி எங்கே கட்டுவது? கடிதமே தோட்டத்து ஆபீசுக்கு வந்து, யார் கையிலோ மாறி மாறி, மனம் இருந்தால் நம்மிடம் வந்து சேருகிற காலம். "இல்லீங்க" என்றோம்.

"அப்ப எடுத்துட்டுப் போக ஏலாது. இங்கேயே இருந்து படிக்கலாம்" என்று சொல்லி, தன் மேசைக்கு நேரெதிரே இருந்த மேசையைக் காட்டினார். என் கையிலிருந்த பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு பென்சிலைத் தந்தார். எனக்குக் காது சூடேறிப் போயிற்று. நாங்கள் பக்கத்தைக் கிழித்துவிடுவோம், மையைக் கொட்டிவிடுவோம் என்று நினைத்துத்தான் கண் எதிரே உட்கார வைக்கிறார் என்று பொருமினேன். அவள் மட்டும், "இங்கதான் காத்தாடி நல்லா சுத்துது" என்றாள்.

அவர் கொண்டுவந்து வைத்தது அட்டை போன ஒரு தடித்த புத்தகம். பெயர் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உள்ளே புலவர்கள், அவர்களுடைய நூல்கள், காலம், ஊர் எல்லாம் அட்டவணையாக இருந்தன. தாளில் ஈர அரிசியும் கற்பூரமும் கலந்த ஒரு வாசம். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இது இருந்தால் போதும் என்று. அன்றிலிருந்து ஒன்பது சனிக்கிழமை போனோம். இரண்டாவது கிழமையிலிருந்து நாங்கள் உள்ளே போகும்போதே புத்தகம் மேசையில் இருக்கும், பக்கத்தில் கூர் சீவிய இரண்டு பென்சில் இருக்கும். அதைக்கூட நான் அந்த வயதில் கண்காணிப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன். பிற்பாடு நானே ஒரு பள்ளிக்கூட நூலகத்தைப் பார்த்துக்கொண்ட காலத்தில்தான், ஒரு புத்தகத்தை ஒருவருக்காக எடுத்துத் தனியாக வைத்திருப்பது என்ன வேலை என்று எனக்குப் புரிந்தது. நன்றி சொல்லலாம் என்று போனபோது அவருடைய இடத்தில் வேறொருவர் இருந்தார்.

பஸ் இரண்டு மணிக்கு. அதைவிட்டால் அடுத்தது மாலையில்தான், அதில் ஆம்பிளைகள் ஒரு தினுசான வாடையோடு வருவார்கள். அதனால் கிடைத்த நேரத்துக்குள் எழுத வேண்டும். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை என்ன செய்வார்? காலையிலேயே பெயர்களை மேலிருந்து கீழே வரிசையாக எழுதி வைத்துக்கொள்வார். நிறுக்க நிறுக்க எதிரே றாத்தல் எடையைப் போட்டுக்கொண்டே போவார். அதைப் போலவே நான் ஒரு சனிக்கிழமை புலவர்களின் பெயர்களை மட்டும் எழுதுவேன், அடுத்த சனிக்கிழமை எதிரே நூல்களை நிரப்புவேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கிசுகிசுவென்று வாசிக்க, நான் எழுதினேன். எவ்வளவு கெட்டிக்காரி நான் என்று எனக்குள்ளே ஒரே பெருமை.

கொப்பியின் முதல் பாதியை நானும் இரண்டாம் பாதியை அவளும் முதலில் படித்து, பிறகு மாற்றிக்கொள்வது என்று பிரித்துக்கொண்டோம். நான் வீட்டில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். அவளுக்கு உட்கார நேரம் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவுக்குப் பதிலாகக் கூடையைச் சுமப்பாள், ஞாயிற்றுக்கிழமைகளில், அன்றைக்கே காசு தருகிற கைக்காசுக் கொழுந்து எடுக்கப் போவாள். ஒரு ஞாயிறு நானும் கூடப் போனேன். மழை விட்ட நேரம். செடியெல்லாம் இடுப்புக்கு மேலே நனைந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு முழங்காலில் ஒட்டியது. கங்காணி ஒவ்வொருவருக்கும் மேலே ஏறுகிற ஒரு செடி நிரையைக் காட்டிவிட்டார். அவள் தன் நிரையின் அடியில் நின்று ஏதோ ஒரு பெயரைச் சொன்னாள். பிறகு இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டே ஏறினாள்.

"என்னடி முணுமுணுக்கிற?"

"இந்த நெரைக்கு இவரு. மொதச் செடி காலம். அந்தக் கல்லுக்குப் பக்கத்துச் செடி நூலு. உச்சியில ஊரு" என்றாள். "அடுத்த நெரைக்கு அடுத்தவரு."

ஒரு நிரைக்கு ஒரு புலவர். அந்த மலையில் ஐம்பது நிரைக்கு மேல் இருந்தது. நான் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு சோதித்தேன். கேட்டதும் சொல்ல மாட்டாள். கண்ணை மூடி, அந்த நிரையைத் தேடி, அடியிலிருந்து ஏறுவாள். விரல்கள் பெருவிரலோடு சேர்ந்து சேர்ந்து பிரியும், வெறும் காற்றில் கொழுந்து கிள்ளும். பத்துப் பன்னிரண்டு எண்ணுவதற்குள் பதில் வந்துவிடும், கொப்பியில் எழுதியிருக்கிறபடியே, ஓர் எழுத்துப் பிசகாமல்.

"கைய ஆட்டாமச் சொல்ல மாட்டியா?" என்று கேட்டேன்.

"கை போனாத்தான் கால் போகும் புள்ள. கால் போனாத்தான் பேரு வரும்."

டீச்சருக்கு இது பிடிக்கவில்லை. மெதுவாகச் சொல்கிறாள், கணக்கப்பிள்ளை மகளைப் போடலாமா என்று என்னிடம் கேட்டார். நான் சண்டை பிடித்தேன். அவள் வராவிட்டால் நானும் வரமாட்டேன் என்று அழுதேன். அந்த மூன்று மாதத்தில் நான் அவளுக்காகப் பேசிய ஒரே சந்தர்ப்பம் அது. நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருக்கிறது.

போட்டியன்று காலை என் அம்மா எலுமிச்சங்காயை வெட்டி அவளுடைய விரல்களைத் தேய்த்துக் கழுவினார். கொழுந்துக் கறை போகவில்லை. நகக்கண்ணில் கறுப்பாகவே நின்றது. டவுன் மண்டபத்தில் மற்றப் பிள்ளைகள் வெள்ளைச் சப்பாத்தும் கஞ்சி போட்ட கவுனும் டையுமாக இருந்தார்கள். எங்களுக்கு இரவல் சப்பாத்து. என்னுடையது பெரிது, பஞ்சு அடைத்திருந்தேன். மேடையில் இரண்டு மேசை, ஒரு மைக், ஒரு மணி. ஒவ்வொரு கேள்வியும் ஒருவருக்கு மட்டும். பக்கத்தில் இருப்பவர் உதவக் கூடாது. பதினைந்து விநாடியில் மணி அடிக்கும்.

நம் தோட்டத்துப் பள்ளிக்கூடம் கடைசிச் சுற்றுக்கு வரும் என்று யாரும் நினைக்கவில்லை. வந்தது. அவள் ஒவ்வொரு தடவையும் மணி அடிக்கிற கடைசி நொடியில் பதில் சொன்னாள். சபையில் சிரிப்பும் கைதட்டலும் சேர்ந்து வந்தன. கடைசியில் எதிர்த் தரப்பை விட நாங்கள் ஒரு கேள்விதான் பின்னால் இருந்தோம். எங்கள் கடைசிக் கேள்வி அவளுக்கு. சரியாகச் சொன்னால் சமம், பிறகு இன்னொரு சுற்று.

நடுவர் ஒரு நூலின் பெயரைச் சொல்லி, இயற்றியவர் யார் என்று கேட்டார். அவள் கண்ணை மூடினாள். மேசைக்குக் கீழே விரல்கள் அசைய ஆரம்பித்தன. நான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எந்த இடத்தில் ஏறிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு அதை வைத்துத் தெரியும். கல்லைத் தாண்டிவிட்டாள், இதோ வந்துவிடும் என்று நான் நினைக்க, அவள் வாயைத் திறக்கிற நேரத்தில், நடுவர் கையை உயர்த்தினார்.

"நிறுத்தும்மா. கீழ கையில என்ன செய்றீங்க?"

அவள் கண்ணைத் திறந்தாள். கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் சைகை காட்டிக்கிறீங்க. அவ கையைத்தானே நீ பாத்துக்கிட்டிருக்க?" என்று என் பக்கம் திரும்பினார். குரலில் கடுமை இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்று இப்போது நினைக்கிறேன். "அது என்னன்னு நீயாவது சொல்லு."

ஒரு வரி போதும். கொழுந்து எடுக்கிறாள் சேர், அப்படித்தான் அவளுக்கு ஞாபகம் வரும். சொல்லியிருந்தால் அந்த மனிதர் என்ன செய்திருப்பாரோ தெரியாது. ஆனால் முன்வரிசையில் டை கட்டிய பிள்ளைகள் என் வாயையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அந்த மண்டபத்தில், மைக்கில், கொழுந்து என்ற வார்த்தையைச் சொல்ல என்னால் முடியவில்லை.

"ஒன்னுமில்ல சேர்" என்றேன்.

கேள்வியை ரத்துச் செய்தார்கள். விடை என்னவென்றும் சொல்லவில்லை. எங்களுக்கு இரண்டாம் இடம், ஆளுக்கொரு சான்றிதழ். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள். இரவல் சப்பாத்தைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். பொங்கல் கழிந்து, காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் அவளைப் பார்த்தேன், தலையில் அம்மாவின் கூடை. என்னைக் கண்டதும் கையை ஆட்டினாள். நான் அடுத்த நாள் முதல் பள்ளிக்கூடத்துக்கு வேறு பாதையில் போனேன்.

அதற்குப் பிறகு நான் படித்தேன், தமிழ் டீச்சரானேன், பென்சனும் வாங்கிவிட்டேன். அவள் முப்பத்தெட்டு வருடம் மலையில் இருந்தாள். மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினாள். கல்யாணம், சாவு, திருவிழா என்று எத்தனையோ தடவை சந்தித்திருக்கிறோம். அந்த நாளைப் பற்றி மட்டும் பேசியதில்லை. போன மாதம் அந்தப் பதினேழு கோப்புகளைப் பார்த்த மறுநாள் காலையிலேயே பஸ் பிடித்து அவள் வீட்டுக்குப் போனேன்.

ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, வந்த காரியத்தைச் சொன்னேன். அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்க வேண்டும், நான் சொல்லாததால்தான் உன் படிப்புப் போனது, இத்தனை வருடம் எனக்கு அது உறுத்துகிறது என்று ஒரே மூச்சில் கொட்டினேன். அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"மொதல்ல என்னத்தானே கேட்டாரு" என்றாள். "எனக்கும் வாய் இருந்துச்சு. கொழுந்து எடுக்கிறேன்னு சொல்ல எனக்கும் வெக்கமாத்தான் இருந்துச்சு. ஒனக்கு மட்டுமா?"

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவள் அடுத்த ரொட்டியைக் கல்லில் போட்டாள்.

"வேற ஒன்னு கேக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா. நீ டீச்சராச்சே, ஒனக்குத் தெரியும். அன்னைக்கு நான் சொல்ல வந்தது சரிதானா?" என்று கேட்டு, ஒரு புலவரின் பெயரைச் சொன்னாள். கண்ணை மூடவில்லை, கை அசையவில்லை. தினமும் சொல்லிப் பார்த்த பெயரைப் போல வந்தது.

அது தப்பு. அந்த நூலை எழுதியவர் அவரில்லை. அட்டவணையில் அவருக்கு மேல் வரியில் இருந்தவர். அவள் எதையும் பிசகிச் சொல்கிறவள் இல்லை. பிறகுதான் விளங்கியது. கணக்கப்பிள்ளை மாதிரி பெயர்களை ஒரு கிழமையும் நூல்களை ஒரு கிழமையும் எழுதினேனே, கொப்பியின் கடைசிப் பக்கங்களில் யாரோ ஒரு புலவருக்கு இரண்டு நூல் இருந்திருக்கிறது. இரண்டாவதை அடுத்த ஆளுக்குப் போட்டுவிட்டேன். அங்கிருந்து கீழே எல்லாம் ஒரு வரி இறங்கியிருக்கிறது. கடைசியில் ஒரு நூல் மிஞ்சியதும், அதை ஆசிரியர் பெயர் தெரியாத நூல் என்று நானே எழுதி முடித்ததும் நினைவுக்கு வந்தது. நடுவர் நிறுத்தாமல் விட்டிருந்தாலும் நாங்கள் தோற்றிருப்போம். என்னால்தான் தோற்றிருப்போம்.

சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவள் நிம்மதியாக இருப்பாள். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஒரு தடவை ஒன்றுமில்லை என்று சொன்ன வாய் இது.

"தப்பு" என்றேன். "நீ படிச்சது தப்பில்ல. நான் எழுதினது தப்பு. வரி மாறிப் போச்சு. கொப்பியிலயே அப்படித்தான் இருந்திருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். ரொட்டி கருகுகிற வாசம் வந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கொப்பியில அப்படித்தான் இருந்துச்சா?"

"ஆமா."

"அப்பன்னா நான் மறக்கல" என்றாள். "நடுவுல நிறுத்தின பயத்துல நெரை மாறி ஏறிட்டேனோன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். இத்தனை வருஷமா, அந்த மலைக்குப் போறப்பல்லாம்."